ஜூலை 14ஐ ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

ஜூலை 13ஆம் தேதி பொழுது சாய்ந்ததும் புதுச்சேரியில் ஒரு விளக்கு ஊர்வலம் புறப்படும். முன்னால் பேண்டு வாத்தியம். பின்னால், சட்டையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு கையில் விளக்கோடு நடக்கும் கிழவர்கள். ஊர் வழக்கில் அவர்கள் 'சொல்தா'க்கள். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று ஊர் திரும்பிய தமிழர்கள். விடிந்தால் கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம், இரண்டு நாட்டுப்பண், இரண்டு கொடி. இரண்டுமே மூவண்ணம் என்பதால் தூரத்திலிருந்து பார்க்கும் சுற்றுலாப் பயணிக்குச் சற்றுக் குழப்பம்கூட வரலாம்.

குழப்பமே வராதவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஜூலையிலும் தேநீர்க் கடையிலும் மேடையிலும் அவர்கள் குரல் கேட்கும். 'வெள்ளைக்காரன் மூட்டை கட்டி எழுபது வருஷம் ஆகிறது, இன்னும் அவனுக்கு விளக்குப் பிடிக்கிறார்கள்' என்பார்கள். 'விளக்குப் பிடிப்பது' என்ற சொல்லுக்குள் இருக்கும் குத்தல் தமிழ் தெரிந்தவருக்கு விளங்கும். சொந்த மண்ணில் அந்நிய நாட்டின் தேசிய நாளைக் கொண்டாடுவது அடிமைப் புத்தி என்பது இன்று பெரும்பாலோர் தலையாட்டும் கருத்தாகிவிட்டது. தலையாட்டுவது சுலபம். தலையாட்டாமல் நின்று யோசிக்கும்படி கேட்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

அவர்கள் பக்கத்தில் இருக்கும் உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு ஆட்சி இங்கே நியாய ஆட்சியாக இருந்ததில்லை. நடுவே ஓடும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம் என்று ஊரையே பிளந்து வைத்திருந்தது அது. 1848இல் அடிமை முறையை ஒழித்துவிட்டு, தன் மற்றக் காலனிகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல் ஏற்றியது. கரீபியத் தீவான குவாதலூப்புக்கு மட்டும் இந்தியாவிலிருந்து 42,000 பேர் வரை போனார்கள். பலர் திரும்பவில்லை. பாரிஸில் சமத்துவம் பேசிய குடியரசு, இங்கே வாக்காளர் பட்டியலை இனவாரியாகப் பிரித்து வைத்தது. ஆளுநர் மாளிகையில் ஜூலை 14 விருந்து நடந்த நாட்களில் வாய்க்காலுக்கு மேற்கே இருந்தவன் அந்த விருந்துக்கு அழைக்கப்பட்டவனல்லன். இத்தனையும் மெய். ஒன்றையும் நான் மறுக்கப் போவதில்லை.

ஆனால் இதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவு தவறு.

முதலில், ஜூலை 14 எதன் நாள்? 1789இல் பாரிஸ் மக்கள் தங்கள் மன்னனின் பாஸ்டில் சிறைக்கோட்டையை இடித்த நாள். உள்ளே இருந்தது ஏழே கைதிகள்; ஆனாலும் அந்த இடி பக்கத்து நாடுகளின் அரண்மனைகளுக்கும் கேட்டது. அடுத்த ஆண்டு அதே தேதியில் நாடெங்கிலுமிருந்து வந்தவர்கள் பாரிஸில் கூடி ஒற்றுமை விழா எடுத்தார்கள். 1880இல் இதைத் தேசிய நாளாக்கிய சட்டம், 1789ஐக் கொண்டாடுகிறோமா 1790ஐயா என்று சொல்லாமலே விட்டுவிட்டது. முன்னதை ரத்தம் தோய்ந்த நாள் என்று முகம் சுளித்தவர்களும் பின்னதை நினைத்துக்கொள்ளலாம் அல்லவா? ஆக, பிரெஞ்சுக்காரர்களே இதில் ஒரே பொருளைக் கண்டதில்லை. படையெடுப்பைக் கொண்டாடும் நாளாகவோ முடிசூட்டு நாளாகவோ இது பிறக்கவில்லை. முடியை அசைத்த நாளாகப் பிறந்தது. அதைக் காலனிக்குக் கொண்டுவந்து அதிகார விருந்தாக மாற்றியவர்கள் ஆளவந்தவர்கள். அந்த விருந்தை நாம் வெறுக்கலாம். அவர்கள் கையில் இருந்தது என்பதற்காகச் சிறைக்கோட்டை இடிந்த நாளையும் அவர்களுக்கே எழுதிக் கொடுத்துவிட வேண்டுமா?

எழுதிக் கொடுக்கக் கூடாது என்று நம் ஆட்களே அன்றைக்கே முடிவு செய்தார்கள். விளக்குப் பிடிப்பதாகக் கேலி பேசுகிறவர்கள் படிக்காமல் தாண்டிப் போகும் பக்கம் இது.

1873. பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற புதுச்சேரி வழக்கறிஞர் ஐரோப்பியரைப் போல ஷூ அணிந்துகொண்டு நீதிமன்றத்துக்குள் போனார். உள்ளூர்க்காரன் அப்படி வரக் கூடாது என்று நீதிபதி தடுத்தார். பிள்ளை ஷூவைக் கழற்றவில்லை. வழக்கைப் பாரிஸ் வரை கொண்டு போனார். அங்கே உச்ச நீதிமன்றத்தில் வென்றும் விட்டார். ஒரு ஜோடி ஷூவுக்காகக் கடல் கடந்த வழக்கு என்று சிரிக்கலாம். 'எல்லோரும் சமம் என்று எழுதி வைத்திருக்கிறாயே, என் காலும் அதில் சேர்த்திதானா?' என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் குடியரசால் தப்ப முடியவில்லை. 1881இல் வந்த ஆணை, பிறப்புவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்பவர்களுக்கு வழி திறந்தது. சாதியடுக்கில் கீழே தள்ளப்பட்ட பல குடும்பங்கள் அந்த வழியாக நடந்தன. சொல்தாக்களில் பலர் அந்தக் குடும்பங்களின் வாரிசுகள்.

1904. குவாதலூப்பில் கூலிகளாகப் போனவர்களின் பிள்ளைகளுக்கு வாக்குரிமை இல்லை. அங்கேயே பிறந்த ஆன்ரி சிதம்பரம் வழக்குத் தொடுத்தார். பெயரைப் பார்த்தாலே எந்த மண்ணிலிருந்து போன குடும்பம் என்று தெரியும். விடாமல் போராடி, 1923இல் உரிமையைப் பெற்றார். குடியரசின் சொற்களைக் குடியரசின் முகத்துக்கு எதிரே பிடித்துக் காட்டியே அவரும் வென்றார்.

1936. பிரான்சில் மக்கள் முன்னணி ஆட்சிக்கு வந்து, வாரத்துக்கு 40 மணி நேர வேலையும் சம்பளத்தோடு விடுப்பும் சட்டமான ஆண்டு. அந்த ஜூலை 14இல் பாரிஸ் வீதிகளில் தொழிலாளர்கள் வெற்றி ஊர்வலம் போனார்கள். புதுச்சேரிப் பஞ்சாலைத் தொழிலாளர்களும் நியாயமான வேலை நேரம் கேட்டார்கள், சங்கம் வைக்கும் உரிமை கேட்டார்கள். ஜூலை 30 அன்று, பாரிஸில் அந்த ஊர்வலம் போன பதினாறாம் நாள், சவானா ஆலையில் துப்பாக்கி வெடித்தது. 12 தொழிலாளர்கள் செத்தார்கள். எட்டு மணி நேர வேலை அடுத்த ஆண்டு இங்கே சட்டமானது அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான். வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தின் விலையை யார் கொடுத்தார்கள் என்று கணக்குப் பார்த்தால், ஜூலை 14 பேசிய சொற்களைப் பாரிஸைவிட மேலாக மதித்தவர்கள் சவானா ஆலை வாசலில் நின்றவர்கள்தான்.

நான் சொல்ல வருவது இதுதான். ஒரு விழா யாருக்குச் சொந்தம் என்பதை அது பிறந்த நாட்டின் வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. அதற்காக யார் விலை கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். நாம் கொடுத்திருக்கிறோம். ஒரு முறை இரண்டு முறை அல்ல. அப்படியிருக்க 'அது அவன் விழா' என்று ஒதுங்குவது தன்மானமாகத் தெரியலாம். உண்மையில் அது விலை கொடுத்து வாங்கிய பொருளைக் கடையிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவது.

'சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற அந்த மூன்று சொற்கள் நமக்கு எதற்கு? நம்மிடம் இல்லாததா?' என்று ஒரு கேள்வி வரும். நல்ல கேள்வி. கேட்கிறவர்கள் அம்பேத்கரைச் சாட்சிக்கு அழைக்கலாம். அந்த மூன்றும் சேர்ந்த தம் தத்துவத்தைப் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து கடன் வாங்கவில்லை, புத்தரிடமிருந்து பெற்றேன் என்று 1954 அக்டோபரில் வானொலியில் அவர் சொன்னார். அதே மாதம் 18ஆம் தேதிதான் கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். அம்பேத்கர் சொன்னது எனக்கு எதிரான சாட்சியம் ஆகாது. என் பக்கத்துச் சாட்சியம் அது. அந்தச் சொற்களுக்குப் பிரான்ஸ் ஏகபோக உரிமை கொண்டாட முடியாது என்றுதான் அதற்குப் பொருள். எவருக்கும் ஏகபோகம் இல்லாத பொருளை நான் கையில் எடுத்தால் அதை 'அந்நியம்' என்று யாரும் சொல்ல முடியாது. பாரதியும் அப்படித்தான் எடுத்தார். அவர் ஆசிரியராக இருந்த 'இந்தியா' இதழ் அந்த மூன்று சொற்களையும் தன் முழக்கமாக வைத்துக்கொண்டது. 1908இல் பிரிட்டிஷ் போலீஸிடமிருந்து தப்பி அவர் வந்து இறங்கியதும் இந்தப் புதுச்சேரியில்தான். பிரெஞ்சுக் கொடி பறந்த ஊரில் பத்தாண்டு அடைக்கலம் இருந்த அவரை அடிமைப் புத்திக்காரர் என்று சொல்ல எவருக்கும் நா எழாது.

அடுத்து, 'இங்கே சோறு, அங்கே சலாம்' என்ற வாதம். 1956இல் இந்தியாவும் பிரான்சும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தபோது, இந்த மண்ணின் மக்களுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தது. விரும்பினால் பிரெஞ்சுக் குடிமகனாக இருக்கலாம். ஏறத்தாழ 5,000 பேர் அப்படி எழுதிக் கொடுத்தார்கள். இந்திய அரசு தெரிந்தே, ஒப்புக்கொண்டே கொடுத்த உரிமை அது. இருட்டில் சுவரேறிக் குதித்து வாங்கியதில்லை. அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இன்றும் இந்த ஊரில் வரிசையில் நின்று பிரெஞ்சுத் தேர்தலில் வாக்களிக்கிறார்கள். தங்கள் நாட்டுத் தேசிய நாளை அவர்கள் கொண்டாடாமல் வேறு யார் கொண்டாடுவது?

'பென்ஷனுக்காகக் கும்பிடுகிறார்கள்' என்ற ஏச்சு இன்னும் மலிவானது. பென்ஷன் பிச்சை அல்ல. வேலை பார்த்த கூலியின் பாக்கி. எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். 13ஆம் தேதி மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து பதக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திருநீறு தொட்டுத் தேய்ப்பார். பழைய வேட்டித் துணியில் துடைத்து, வெயிலில் சாய்த்துப் பார்த்து, மறுபடி தேய்ப்பார். அவர் காகித விளக்கைத் தூக்கிக்கொண்டு போவது சிறுவனான என் வேலை. ஒருநாள் தேநீர்க் கடையில் ஒருவர் வம்புக்கு இழுத்தார்: "ஏன் தாத்தா, ரெண்டு பாட்டு பாடுறாங்களே, எந்தப் பாட்டுக்கு உங்க மனசு நிமிர்ந்து நிக்குது?" தாத்தா கிளாஸைக் கீழே வைக்காமலே சொன்னார்: "மனசு என்னப்பா மனசு, ரெண்டு பாட்டு முடியிற வரைக்கும் இந்த முட்டி நிக்கணுமேன்னுதான் எனக்குக் கவலை." கடை முழுக்கச் சிரித்தது. அந்த முட்டியில் இந்தோசீனாவில் பாய்ந்த குண்டுச் சிதறல் இருந்தது என்பது கேட்டவருக்குத் தெரியாது.

இந்தோசீனா என்று சொல்லும்போது எனக்கும் நாக்கு தடுக்கிறது. அங்கே நடந்தது வியட்நாமியரின் விடுதலைக்கு எதிரான போர். அல்ஜீரியாவிலும் அப்படியே. இங்கிருந்து போன ஏழைப் பிள்ளைகள் இன்னொரு அடிமை நாட்டு ஏழைப் பிள்ளைகளைச் சுடும்படி அனுப்பப்பட்டார்கள். மலர்வளையம் வைக்கும்போது இதையும் சொல்ல வேண்டும் என்பேன். சொல்லாத விழாவை விமர்சிக்கலாம். விழாவே கூடாது என்பவர்கள் அந்த விமர்சனத்துக்கான இடத்தையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள்.

தேசப்பற்றின் பெயரால் பேசுகிறவர்களுக்கு ஒரு காட்சியை நினைவூட்டுகிறேன். 2009 ஜூலை 14இல் பாரிஸ் அணிவகுப்பின் சிறப்பு விருந்தினர் பிரதமர் மன்மோகன் சிங். 2023இல் அதே மேடையில் பிரதமர் நரேந்திர மோடி. இரண்டு முறையும் இந்தியப் படையினர் அந்த அணிவகுப்பில் நடை போட்டார்கள். நாம் தொலைக்காட்சியில் பார்த்துப் பெருமைப்பட்டோம். 2016இல் டெல்லிக் குடியரசு நாள் அணிவகுப்பில் பிரெஞ்சு வீரர்கள் நடந்தார்கள்; அதற்கும் கைதட்டினோம். இந்தியச் சிப்பாய் பாரிஸில் ஜூலை 14க்கு நடந்தால் கௌரவம், அதே நாளுக்குப் புதுச்சேரிக் கிழவர் தன் தெருவில் நடந்தால் துரோகம் என்பது எந்த ஊர்க் கணக்கு? நியூயார்க்கில் 1981 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்டில் இந்திய நாள் பேரணி நடக்கிறது. அமெரிக்கக் குடிமக்களாகிவிட்ட நம் ஆட்கள் நடுவீதியில் நம் கொடியோடு போகும் படங்களைக் கைபேசியில் அனுப்பி மகிழ்கிறோம். அங்கே ஒருவர் 'இங்கே சோறு, அங்கே சலாமா?' என்று கேட்டால் அதை இனவெறி என்போம். சரியாகவே சொல்வோம். அந்தச் சரியை நம் ஊருக்குள்ளும் அனுமதிப்பதில் என்ன தயக்கம்?

'அப்படியானால் நாளைக்கு இங்கிலாந்து மன்னர் பிறந்தநாளையும் சென்னையில் கொண்டாடலாமா?' என்று மடக்குவார்கள். கூடாது என்பேன், காரணத்தோடு. ஒரு மனிதர் அரண்மனையில் பிறந்தார் என்பதைத் தவிர அந்த நாள் எதுவும் பேசவில்லை. அதற்குள் வைத்து நாம் நியாயம் கேட்க ஒரு சொல்கூட இல்லை. எல்லா அந்நிய விழாவும் ஒன்று என்று கருதுபவருக்குத்தான் இந்த மடக்கு பயன்படும். தரம் பிரிக்கத் தெரிந்தவருக்கு அல்ல. மற்ற நாடுகளும் தரம் பிரித்துத்தான் பார்க்கின்றன. டென்மார்க்கின் ரெபில்ட் என்ற இடத்தில் 1912 முதல், போர்க்காலம் போன்ற இடைவெளிகள் நீங்கலாக, அமெரிக்காவின் ஜூலை 4 கொண்டாடப்படுகிறது. கடல் கடந்து போன டேனியர்கள் நிலம் வாங்கித் தாய்நாட்டுக்குக் கொடுத்து உண்டாக்கிய விழா அது. டென்மார்க் அதனால் யாருக்கும் அடிமையாகிவிடவில்லை. பிலிப்பைன்ஸுக்கு அமெரிக்கா சுதந்திரம் கொடுத்ததே 1946 ஜூலை 4 அன்று, தன் சொந்தச் சுதந்திர நாளில். எஜமானனின் பிறந்தநாளில் வேலைக்காரனுக்குப் பெயர் சூட்டுவது போல. 1962இல் பிலிப்பைன்ஸ் தன் சுதந்திர நாளை, 1898இல் தானே அறிவித்த ஜூன் 12க்கு மாற்றிக்கொண்டது. ஜூலை 4ஐயும் தூக்கி எறியவில்லை. இரு நாட்டு நட்பு நாள் என்று வேறு பெயரிட்டு வைத்துக்கொண்டது. எதை மாற்ற வேண்டும், எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று தானே முடிவு செய்வதுதான் விடுதலையின் அடையாளம்.

கடைசியாக ஒரு வாதம், கொஞ்சம் வலுவானது: 'நம் விடுதலை நாளையே ஒழுங்காகக் கொண்டாடக் காணோம், இதில் இது வேறா?' நவம்பர் 1 புதுச்சேரியின் விடுதலை நாள். ஆகஸ்ட் 16 சட்டப்படி ஆட்சி கைமாறிய நாள். கீழூர் நினைவிடத்தில் கொடி ஏறும். அங்கே கூட்டம் குறைவு என்பதில் எனக்கும் வருத்தம். ஆனால் கொண்டாட்டம் குடத்துத் தண்ணீர் இல்லையே, இங்கே ஒரு குவளை ஊற்றினால் அங்கே ஒன்று குறைவதற்கு. கீழூரில் கூட்டம் கூடவில்லை என்றால் கீழூருக்குப் போவதுதான் மருந்து. ஜூலை 14ஐத் திட்டித் தீர்ப்பவர்களில் எத்தனை பேருக்குக் கீழூர் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியும்?

இவ்வளவு பேசிவிட்டு, கொண்டாடுகிறவர்களை மட்டும் விட்டுவிட முடியாது. அந்த வார இறுதியில் ஹோட்டல்கள் 'பாஸ்டில் டே' என்று பலகை மாட்டி வைன் விருந்து விற்கின்றன. பிரெஞ்சுக்காரர்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. அது ஆங்கிலேயர் வழக்கு. அவர்களுக்கு அது தேசிய விழா, அல்லது வெறுமனே 'கத்தோர்ஸ் ஜுய்யே', ஜூலை பதினாலு. மஞ்சள் சுவர், காகிதப் பூ, ஒரு கோப்பை வைன் என்று ஊரை அலங்காரப் பொம்மையாக்கி விற்கிறவர்கள், விளக்குப் பிடிப்பதாக ஏசுகிறவர்களோடு ஒரு விஷயத்தில் கைகோத்துக்கொள்கிறார்கள்: இரு தரப்புக்குமே அந்த நாளில் தமிழன் கிடையாது. ஏசுகிறவர் அதைப் பிரெஞ்சுக்காரனின் பகட்டு என்கிறார். விற்கிறவர் அந்தப் பகட்டுக்கு விலை போடுகிறார். பொன்னுத்தம்பியின் ஷூவுக்கும் சவானா ஆலை வாசலுக்கும் இரண்டு பேரிடமும் இடமில்லை.

ஆகவே நான் கேட்பது இன்னும் பெரிய விழா. நினைவுச் சின்னத்தின் முன்னால் நாட்டுப்பண் முடிந்ததும், அந்தப் போர்கள் யாருக்கு எதிராக நடந்தன என்று ஒருவர் எழுந்து சொல்லட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கோட்டை இடிந்த கதையோடு ஷூ வழக்கின் கதையையும் சொல்லட்டும். தொழிற்சங்கத்தார் ஜூலை 30 அன்று தங்களுக்குள் செலுத்திக்கொள்ளும் அஞ்சலிக்குச் சொல்தாக் குடும்பங்களும் வரட்டும். 13ஆம் தேதி ஊர்வலத்தில் சங்கத்துக்காரர்களும் நடக்கட்டும். வாய்க்காலுக்கு இரு புறமும் இருந்தவர்களின் கதை இது. ஒரு புறத்தோடு நிறுத்தினால் அரைக் கதை.

அந்தத் தாத்தா இறந்து வெகு காலம் ஆகிறது. அவர் விளக்கு எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. ஒவ்வொரு ஜூலையும் அதை இறக்கி, கிழிந்த இடத்தில் காகிதம் ஒட்டி, புது மெழுகுவத்தி வைத்து, 14ஆம் தேதி ராத்திரியே மறுபடி மேலே ஏற்றிவிடுவது எங்கள் வழக்கம். வழக்கம் தவறு என்று இப்போது படுகிறது. விளக்கு வைத்திருக்கும் மற்ற வீட்டாருக்கும் சொல்கிறேன்: 14ஆம் தேதியோடு பரணில் ஏற்றிவிடாதீர்கள். இன்னும் பதினாறு நாள் கீழேயே இருக்கட்டும்.